பூக்கார ஆச்சியின் முழமும் நோவாவின் பேழையும்: ஒரு நன்றி மடல்

எங்கள் தெருவிலும் சபையிலும் உள்ள அன்புக்குரிய பெரியோர்களுக்கு, பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தாயின் நன்றி கலந்த வணக்கம்.

பத்து வயது மகளையும் ஏழு வயது மகனையும் வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கத் தொடங்கி இந்த மாதத்தோடு இரண்டு ஆண்டுகள் நிறைவடைகின்றன. கணக்குக்கும் அறிவியலுக்கும் பாடநூல்கள் கைகொடுத்தன. என்னைத் திணறடித்தது வேதபாடம்தான். நான் சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் படித்த முறையையே வீட்டிலும் கையாண்டு, காலை ஆறரை மணிக்கு இருவரையும் பாயில் உட்காரவைத்து, மனப்பாட வசனத்தைப் பிசகின்றிச் சொன்னால்தான் காலைப் பலகாரம் என்று கண்டிப்பாக நடந்துகொண்டேன். "ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்" என்று மகன் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, "சிருஷ்டித்தார்னா என்னம்மா?" என்று கேட்டபோது, மூன்று மாத உழைப்பு எங்கே போயிற்று என்று எனக்குப் புரிந்தது.

பாடத்தைப் பாயிலிருந்து அடுக்களைக்கு மாற்றியவர் என் மாமியார். பரலோகராஜ்யத்தைப் புளித்த மாவுக்கு ஒப்பிடும் உவமையில், ஒரு பெண் அதை மூன்றுபடி மாவிலே அடக்கிவைத்தாள் என்று மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் வருகிறது. அத்தை அன்றிரவு முந்தைய நாள் இட்லி மாவில் ஒரு கரண்டி எடுத்துப் புது மாவில் கலக்கி, பாத்திரத்தின் வெளிப்புறத்தில் மாவின் மட்டத்தைச் சுண்ணாம்பால் குறிக்கச் சொன்னார்கள். விடியற்காலையில் மாவு அந்தக் கோட்டைத் தாண்டி மூடியைத் தூக்கிக்கொண்டிருந்ததைப் பிள்ளைகள் கண்டார்கள். உவமையில் வருவது ரொட்டி மாவு என்று நான் குறுக்கிட்டதற்கு, "பொங்குறது ஒண்ணுதானே" என்று அத்தை சொல்லிவிட்டார்கள். அதற்குமேல் எனக்குப் பேச்சில்லை.

பூக்கார ஆச்சிக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. நோவாவின் பேழை முந்நூறு முழ நீளம், ஐம்பது முழ அகலம், முப்பது முழ உயரம் என்று வாசித்ததும், முழம் என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டு பிள்ளைகள் அவர்களிடம்தான் ஓடினார்கள். வியாபார நேரத்தையும் பாராமல், முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை பூச்சரத்தைப் பிடித்து அளந்து காட்டியதோடு, தம் கையை அளக்கவும் விட்டார்கள். ஆச்சியின் முழம் 40 சென்டிமீட்டர். என் கணவரின் முழம் 48. ஆச்சி கட்டினால் பேழை 120 மீட்டர், அப்பா கட்டினால் 144 மீட்டர் என்று மகள் கணக்குப் போட்டாள். ஆச்சியின் பேழையையே எடுத்துக்கொண்டு கயிற்றால் தெருவை அளந்தபோது, ஒரு முனை எங்கள் வாசலிலும் மறுமுனை ரேஷன் கடையைத் தாண்டியும் இருந்தது. அந்த முற்பகலில் வண்டிகளை ஒதுக்கி நிறுத்தி வழிவிட்ட ஆட்டோ நிறுத்தத்துத் தம்பிகளுக்கும், கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்ற உபதேசியார் அவர்களுக்கும் நன்றி. வேதத்தில் வரும் இராட்சதன் கோலியாத்தின் உயரமான ஆறு முழமும் ஒரு ஜாணும் அன்று மாலையே எங்கள் மதில்மேல் கரிக்கோடாக ஏறியது. இன்னும் அழிக்க மனம் வரவில்லை.

அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட வந்திருந்த அண்ணாச்சியின் ஊரோ பெயரோ எனக்குத் தெரியாது; இந்த மடல் அவர் கண்ணில் படுமா என்பதும் ஐயமே. இருபத்து மூன்றாம் சங்கீதத்தில் "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்" என்று வருவது மகனுக்கு விளங்கவே இல்லை. கம்பைக் கண்டால் அழுகைதானே வரும், ஆறுதல் எப்படி வரும் என்பது அவன் வாதம். (அவன் பார்வை என் மேசையிலிருந்த அடிஸ்கேலின்மேல் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன்.) அண்ணாச்சி சிரித்துக்கொண்டே, "இது ஆட்டுக்கு இல்லடே, நாய்க்கும் நரிக்கும்" என்றார். பிறகு அவர் குரல் கொடுத்ததும் சிதறி மேய்ந்த ஆடுகள் திரும்பின. அதே ஓசையை மகன் எழுப்பியபோது ஓர் ஆடும் தலை தூக்கவில்லை. நல்ல மேய்ப்பனின் சத்தத்தை ஆடுகள் அறியும் என்ற யோவான் 10ஆம் அதிகாரத்துக்கு நான் வேறு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடிஸ்கேல் இப்போது கோடு போட மட்டும் பயன்படுகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா அவர்கள் எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் செவ்வாய்தோறும் மாலையில் வந்து, சிருஷ்டித்தார், ஸ்திரீ போன்ற சொற்களைப் பிள்ளைகளுக்கு அவிழ்த்துக் கொடுத்தார். 1715ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியதையும், அதை மொழிபெயர்த்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரை மொழிபெயர்த்துவிட்டு 1719இல் மறைந்ததையும் அவர்தாம் சொன்னார். 119ஆம் சங்கீதம் எபிரேயத்தில் எழுத்துக்கு எட்டு வசனமாக 22 எழுத்துகளுக்கும் வரிசையாக அமைந்தது, அதனால்தான் 176 வசனங்கள் என்று நான் சொன்னதும், ஐயா உடனே ஆத்திசூடியை எடுத்தார். அறம், ஆறுவது, இயல்வது என்று எழுத்து வரிசை பிடித்துப் போகும் அதே வழி! மொழிபெயர்ப்பில் மறைந்துபோன அந்த வரிசையை மகள் இப்போது உயிரெழுத்துகளில் தானே எழுதிப் பார்க்கிறாள்; "ஔ"வில் ஒரு வாரமாக நிற்கிறாள்.

வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் சங்கீதம் சொல்லவிருக்கிறார்கள். அனைவரும் வந்து காப்பி அருந்திச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். பூக்கார ஆச்சிக்கு எழுத்து வாசிக்க வராது என்பதால், இந்த மடலை மகளே நாளைக் காலை அவர்கள் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவாள்.

நன்றியுடன்,
இரு பிள்ளைகளின் தாய்