ரோபோவுக்கு யார் கிரீஸ் அடிப்பது?

அன்புள்ள சரவணா,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது பேப்பரில் வரும் டெண்டர் அறிவிப்பு வரைக்கும் விடாமல் படித்து எங்களுக்கும் வாசித்துக் காட்டுகிறார். யார்டில் அதே வேலைதான். மழை பெய்தால் வண்டிகள் நிற்கும், நின்ற வண்டியெல்லாம் என்னிடம் ரிப்பேருக்கு வரும். உங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசம் தை மாதம்தானா? தேதி முடிவானதும் சொல், லீவு கேட்க வேண்டும்.

அப்புறம் உன் பையன் விஷயம். மொபைல் சூட் கன்டம் என்ற ஜப்பானிய ராட்சத ரோபோ கார்ட்டூனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான், இந்த மாதிரி ஒன்று நிஜத்தில் செய்தால் ஓடுமா என்று மாமாவிடம் கேட்கச் சொன்னான் என்று எழுதியிருந்தாய். அவனுக்குச் சின்ன பதில்: ஓடாது. உனக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ரோபோ அனிமே எல்லாவற்றையும் நான் அவனைவிட அதிகம் பார்த்திருக்கிறேன், வீட்டில் இதைப் பேச ஆள் கிடையாது.

எல்லோரும் முதலில் எடையைத்தான் சொல்வார்கள், 60 டன் இயந்திரம் இரண்டு காலில் நின்றால் தரையில் புதைந்துவிடாதா என்று. கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. கன்டத்தின் உயரம் 18 மீட்டர், ஆயுதம் எல்லாம் சேர்த்து எடை 60 டன். உன்னைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் உயரம், அகலம், தடிமன் மூன்றும் பத்து மடங்காகும், எடை ஆயிரம் மடங்காகும். 70 கிலோ ஆள் 70 டன் ஆகிவிடுவான். (காலேஜ் காலத்து 70 கிலோவைச் சொல்கிறேன், இப்போதைய கணக்கு வேண்டாம்.) ஆக கன்டம் உன்னைவிட லேசு, கடலில் தள்ளினால் மிதக்கும். ஒரு பாதம் 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு காலில் நிற்கும்போது சதுர சென்டிமீட்டருக்கு முக்கால் கிலோகூட வராது. பெரிய டாங்கி தரையை அழுத்துவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். நடந்தால் இரண்டு மடங்கு, குதித்தால் கேட்கவே வேண்டாம், ஆனால் சும்மா நிற்பதில் சிக்கல் இல்லை.

விழுந்தால்தான் கதை முடிந்தது. பைலட் உட்காருவது வயிற்றுப் பகுதியில், தரையிலிருந்து ஒரு 10 மீட்டர் உயரத்தில். கால் இடறிக் குப்புற விழுந்தால் அவன் மணிக்கு 45 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் தரையில் மோதுவான். எதிரிக்குப் பீரங்கியே வேண்டாம், ஒரு தடித்த இரும்புக் கயிறு போதும். இத்தனைக்கும் டாங்கி மூன்று மீட்டர் உயரத்துக்குள் புதர் மறைவில் பதுங்கிக்கொள்ளும், இது ஆறு மாடிக் கட்டடம் மாதிரி சமவெளியில் 15 கிலோமீட்டர் தள்ளியே தெரியும்.

அடுத்தது என் தொழில் சமாச்சாரம். மண் தோண்டும் எக்ஸ்கவேட்டரில் தோண்டும் வேலைக்கு நான்கே அசைவு: பூம் (மேல் கை), ஆர்ம் (முன் கை), பக்கெட் (மண் அள்ளும் வாளி), ஸ்விங் (வண்டியின் மேல்பகுதி சுழல்வது). அதற்கே தினமும் மூட்டுகளில் இருக்கும் இரும்புப் பின்களுக்குக் கிரீஸ் அடிக்க வேண்டும். ஆபரேட்டர் ஒரு வாரம் சோம்பல்பட்டால் பின்னைச் சுற்றியிருக்கும் புஷ் தேய்ந்து பக்கெட் ஆட ஆரம்பித்துவிடும், சேற்றில் வேலை செய்த வண்டி என்றால் சிலிண்டர் சீலும் போய் ஆயில் வழியும். கன்டத்தின் ஒரு கையில் விரல் மூட்டு மட்டுமே 14. முழங்கால், கணுக்கால், இடுப்பு எல்லாம் சேர்த்து, அதுவும் பாலைவன மணலில் உருண்டு சண்டை போட்டுவிட்டு வந்த பிறகு, யார் உட்கார்ந்து கிரீஸ் அடிப்பது?

இதெல்லாம் தொடரை எடுத்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை. 1979-இல் டொமினோ யோஷியுகி கன்டத்தை இயக்கியபோது ரோபோ இருந்தே ஆக வேண்டும், பொம்மைக் கம்பெனிதான் ஸ்பான்சர். ரோபோ முதலில், காரணம் பிறகு. ரேடாரையும் ஏவுகணையையும் குருடாக்கும் மினோவ்ஸ்கி துகள் என்று ஒன்றைக் கற்பனை செய்தார்கள், அதனால் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கைகலப்பு. விண்வெளியில் எரிபொருள் செலவில்லாமல் கை காலை வீசியே உடம்பைத் திருப்பலாம் என்பது இன்னொரு காரணம். இயற்பியல் சரிதான், ஆனால் உள்ளே ஒரு சுழலும் சக்கரம் வைத்தாலே அந்த வேலை நடக்கும். வேடிக்கை என்னவென்றால் பொம்மை சரியாக விற்காமல் 52 வாரத் தொடரை 43-இல் முடித்தார்கள், 1980-இல் பண்டாய் கம்பெனி பிளாஸ்டிக் மாடல் கிட் விற்க ஆரம்பித்த பிறகுதான் அது பெரிய ஹிட். இவாஞ்சலியன் என்ற இன்னொரு ரோபோ தொடரைப் பார், அதிலாவது மின்சாரக் கேபிளைப் பிடுங்கினால் பேட்டரி 5 நிமிடம்தான் தாங்கும் என்று ஒத்துக்கொண்டார்கள்.

எனக்குப் பிடித்தது வோடம்ஸ் என்ற தொடர், 1983. அதில் வரும் ஸ்கோப்டாக் ரோபோ 4 மீட்டர்கூட இல்லை, நடப்பதைவிட காலடியில் இருக்கும் சக்கரத்தில் ஓடுவதுதான் அதிகம், தகரம் மாதிரி கவசம், சுட்டால் உள்ளே இருப்பவன் செத்தான். ரோபோ பழுதானால் பைலட் இன்னொன்றில் ஏறிக்கொள்வான், அவ்வளவுதான். போர் இயந்திரத்தை எந்த ராணுவமும் இப்படித்தானே நடத்தும்?

ஆனால் என் மனசுக்கு நெருக்கம் பாட்லேபர் என்ற தொடர்தான். அதில் ரோபோக்கள் கட்டட வேலைக்கு வந்த இயந்திரங்கள், அதைத் திருடிக் கலாட்டா செய்பவர்களைப் பிடிக்க டோக்கியோ போலீஸிடம் ரோபோ. இங்கிரம் என்ற அந்த 8 மீட்டர் உயரப் போலீஸ் ரோபோ சம்பவ இடத்துக்கு நடந்து போகாது, டிரெய்லரில் படுக்க வைத்துக் கொண்டுபோய் நிமிர்த்துவார்கள். சாககி என்ற வயதான தலைமை மெக்கானிக் கறுப்புக் கண்ணாடியோடு நின்று பையன்களைக் கடலில் தூக்கிப் போட்டுவிடுவேன் என்று கத்துவார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேலை கற்றுக்கொண்ட ஷெட் ஞாபகம் வரும். வண்டியில் கீறல் விழுந்தால் ஓட்டுகிற பெண் நோவா துடித்துப் போவாள், பக்கத்து வண்டிக்காரன் ஓட்டா எதையாவது சுட்டு உடைத்துவிட்டு வந்து நிற்பான். எங்கள் ஆபரேட்டர்களிலும் இந்த இரண்டு ரகமும் உண்டு.

நிஜத்திலும் முயன்று பார்த்தார்கள். ஜப்பானின் யோகோஹாமாவில் 2020 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை அசையும் 18 மீட்டர் கன்டம் இருந்தது, 25 டன். முழங்காலை மடக்கிக் காட்டும், ஆனால் இடுப்பைப் பின்னாலிருந்து ஒரு தாங்கி பிடித்துக்கொண்டிருக்கும். அதே 2024 ஜூலையில் அங்கேயே ஜேஆர் வெஸ்ட் என்ற ரயில்வே கம்பெனி ஒரு ரோபோவை வேலைக்கு இறக்கியது, அதுதான் எனக்கு உண்மையான சந்தோஷம். லாரி பூமின் நுனியில் தலையும் இரண்டு கையும் மட்டும், கால் கிடையாது. 12 மீட்டர் உயரத்தில் 40 கிலோ வரை தூக்கும், ரயில் பாதையோர மரக்கிளை வெட்டும், பெயின்ட் அடிக்கும். ஆபரேட்டர் கீழே கேபினில், ரோபோ பார்ப்பதைக் காட்டும் விஆர் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவர் தலையைத் திருப்பினால் அதுவும் திருப்பும். யாரும் 10 மீட்டரிலிருந்து விழ வேண்டியதில்லை.

வோடம்ஸ் பையனுக்கு இப்போது வேண்டாம், கொஞ்சம் இருட்டுக் கதை. 1989-இல் வந்த பாட்லேபர் முதல் படத்தை இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். அதில் பழுது கையிலோ காலிலோ இல்லை, ஆபரேட்டிங் சிஸ்டத்தில். எங்கள் யார்டிலும் ஒரு புது வண்டி சென்சார் கோளாறு காட்டிக்கொண்டு மாதக்கணக்காக நிற்கிறது. அதை எழுத ஆரம்பித்தால் இன்னொரு கடிதம் ஆகிவிடும், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் போன் பண்ணு, சொல்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்