விவாகரத்துக்குப் பின்னும் தொடரும் கடன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எனது விவாகரத்து முழுமையாகி எட்டு மாதங்கள் கழிந்த பின்னர், முன்னாள் கணவர் முச்சக்கர வண்டிக்கு எடுத்த லீசிங் நிலுவையைச் செலுத்துமாறு, பிணை நின்ற எனக்கும் என் அண்ணாவுக்கும் கடிதம் வந்தது. தீர்ப்பின் பிரதியுடன் அந்த நிறுவனத்துக்குச் சென்றேன். அங்கிருந்த உத்தியோகத்தர் அதைப் பொறுமையாக வாசித்துவிட்டு, "இது உங்கள் இருவருக்கும் இடையில் உள்ளது அம்மா, எங்களிடம் இருப்பது உங்கள் கையெழுத்து" என்று கூறி, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்.

அவர் சொன்னது சரிதான். கணவனும் மனைவியும் கடனைத் தமக்குள் எப்படிப் பிரித்துக்கொண்டாலும், கடன் கொடுத்தவர் சம்மதிக்காதவரை அது அவரைக் கட்டுப்படுத்தாது. "கூட்டாகவும் தனித்தனியாகவும்" பொறுப்பேற்றவர்களில் எவரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். முதலில் கடன் பெற்றவரிடம் அறவிடுங்கள் என்று கேட்கும் பிணையாளரின் உரிமையையும், பெரும்பாலும் அச்சிட்ட படிவத்திலேயே வாசிக்காமல் விட்டுக்கொடுத்துவிடுகிறோம்.

திரும்பக் கிடைக்கும் பணத்திலோ இதற்கு நேர்மாறாக நடந்தது. உப்புவெளியில் குடியிருந்த வாடகை வீட்டின் முற்பணம் என் காப்புகளை அடகு வைத்துக் கொடுத்தது. வாடகை உடன்படிக்கை முன்னாள் கணவர் பெயரில் இருந்ததால் வீட்டுக்காரர் முழுவதையும் அவரிடமே கொடுத்துவிட்டார். அடகுச் சீட்டு மட்டும் என் பெயரில் இருக்கிறது. வட்டியை நானே கட்டுகிறேன்.

"தேடிய தேட்டத்தில் பாதி உனக்குத்தானே" என்று உறவினர் ஆறுதல் சொன்னார்கள். மணவாழ்வின்போது சேர்த்த சொத்தில் கிடைக்கும் அந்தப் பாதிப் பங்கு, தேசவழமை என்ற மரபுவழிச் சட்டத்துக்கு உட்பட்ட வட மாகாணத் தமிழருக்கு உரியது. திருகோணமலையைப் பூர்வீகமாகக் கொண்ட எம்மைப் போன்றோருக்குப் பொதுச் சட்டமே பொருந்தும். 1923 ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டத்தின்படி அவரவர் சொத்து அவரவருக்கே. ஆகவே எவருடைய பணம் என்பதற்குப் பற்றுச்சீட்டு வேண்டும். என்னிடம் இருக்கவில்லை. அதைவிட, நான் ஒப்பமிட்ட விவாகரத்து இணக்கப்பாட்டில் பிள்ளைகளைப் பற்றியும் தாபரிப்பைப் பற்றியும் விரிவாக எழுதப்பட்டிருந்தபோதும், கடைசி வரி "வேறு கோரிக்கைகள் இல்லை" என்றே முடிந்திருந்தது. கடன் உண்டா, முற்பணம் உண்டா என்று அன்று எவரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

எனவே இம்மாவட்டச் சட்டத்தரணிகளிடமும் சட்ட உதவி ஆணைக்குழுவிடமும் நான் வேண்டுவது, ஒவ்வொரு கடனையும் அதன் கணக்கிலக்கம், அதைக் கட்டுபவர், பிணையாளர் மாற்றப்படும் திகதி ஆகியவற்றோடும், திரும்பி வரவுள்ள முற்பணம், காப்புறுதிப் பணம் ஆகியவற்றை அவை எவருக்கு எவ்வளவு என்பதோடும் இணக்கப்பாட்டில் எழுதச் செய்யுங்கள் என்பதே. விவாகரத்து வழக்கின் முதல் தீர்ப்புக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையிலான மூன்று மாதங்களில் கடன் கொடுத்தவரிடம் நேரில் சென்று பிணையாளரை மாற்றித் தருமாறு எழுத்தில் கேட்கலாம். கடன் நிறுவனங்களும் அக்கோரிக்கைக்கு ஆம் அல்லது இல்லை என்று எழுத்திலேயே பதில் தர வேண்டும்.

வள்ளத்துக்கு இயந்திரம் வாங்க வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்திருக்கும் என் அண்ணாவிடம், கடன் பெற்றோர், பிணை நின்றோர் விபரங்களைத் திரட்டும் கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் உள்ள இந்த நிலுவையை முதலில் தீர்த்து வருமாறு கூறியுள்ளார்கள்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
பாலையூற்று, திருகோணமலை.