முப்பது வருஷம் பின்னாடி

நாங்குநேரி

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில், "நம்ம ஊரு முப்பது வருஷம் பின்னாடி நிக்குப்பா" என்றாய். அம்மா உன் கட்சி. "அவ சொன்னதுல என்ன தப்பு, பஸ்ஸு ஒழுங்கா வருதா?" என்றாள். நியாயந்தான். ஆனால் அந்தப் 'பின்னாடி' மட்டும் என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. எந்த வரிசையில் பின்னாடி?

நீ இருக்கிற பெர்லினிலிருந்து 1876இல் ஜாகோர் என்பவர் நம்ம பக்கத்து ஆதிச்சநல்லூர் வந்தார். அந்தக் காலத்தில் செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த காட்டைத் தோண்டி, பானையும் இரும்புச் சாமானும் உங்கள் ஊருக்கே கொண்டுபோனார். மறு வருஷம் அமெரிக்காவில் மார்கன் என்ற அறிஞர் மனித குலத்துக்கே ஓர் ஏணி போட்டார். பானை வனைந்தால் ஒரு படி, இரும்பு உருக்கினால் இன்னொரு படி, எழுத்து வந்தால்தான் நாகரிகம். உச்சிப் படியில் யார் என்று கேட்காதே, ஏணி போட்டவர்தான்! டார்வினையும் இதற்குச் சாட்சிக்கு இழுத்தார்கள். அந்தந்த இடத்துக்குத் தோதானது தழைக்கும் என்பதுதானே இயற்கைத் தேர்வு? அதில் ஏணி எங்கே வந்தது?

1949இல் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் பதவியேற்றபோது 'வளர்ச்சி குன்றிய பகுதிகள்' என்றார். காட்டுமிராண்டி என்ற பேச்சு போய் மரியாதையான சொல் வந்தது. வரிசை மாறவில்லை. பிறகு 1990இல் பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக்கும் நம்ம அமர்த்தியா சென்னும், ஒரு நாட்டின் வளர்ச்சியை அளக்கும்போது வருமானத்தோடு ஆயுளையும் படிப்பையும் சேர்த்து எண்ணவைத்தார்கள். அது எனக்குப் பிடிக்கும். உன் ஆச்சி கைநாட்டு, நீ பெர்லினில் ஆராய்ச்சி பண்ணுகிறாய். இதை வளர்ச்சி இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்?

ஆனால் கிணற்றை மூடியவனும் நான்தான். 1998இல் போர்வெல் போட்டபோது ஆச்சி, "கிணறு பாட்டுக்குக் கிடக்கட்டுமேலே" என்று கெஞ்சினாள். பழைய பஞ்சாங்கம் என்று சிரித்துவிட்டு, கல்லும் மண்ணும் கொட்டி, மேலே சிமெண்ட் பூசி, ஸ்கூட்டரை நிறுத்தினேன். கிணற்று விளிம்புக் கல் ஒன்று இப்போது புறவாசலில் துவைகல்லாகக் கிடக்கிறது. கயிறு அறுத்து அறுத்து விழுந்த பள்ளத்தில் என் சுண்டுவிரல் முழுசாகப் புதையும். எத்தனை பேர் கை இழுத்ததோ. போர்வெல் தண்ணீரோ வருஷத்துக்கு வருஷம் உவர்ப்பு ஏறி, பருப்பு வேகமாட்டேன் என்கிறது. சமையலுக்குக் கேன் தண்ணீர் வாங்குகிறோம். கிணற்றைத் திரும்பத் தோண்டலாமா என்று கொத்தனாரிடம் கேட்டேன். "எல்லாரும் இப்பம் இதைத்தான் கேக்காவ அண்ணாச்சி" என்றான்.

சரி, ஒரு வேலை சொல்கிறேன். ஜாகோர் கொண்டுபோன நம்ம பானைகள் அங்கே மியூசியத்தில் பார்வைக்கு இருக்கிறதா என்று விசாரி. இருந்தால் பக்கத்தில் உள்ள விவரச் சீட்டில் என்ன எழுதி ஒட்டியிருக்கிறார்கள் என்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

குளிருக்குத் தலையில் ஏதாவது கட்டிக்கொண்டு போ.

அப்பா