ராப் பயிற்சி அமைப்புகள்: காசோலையில் கையெழுத்துப் போடுவது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராப், பிரேக்கிங் (தரையில் சுழன்றாடும் நடனம்), பீட்பாக்சிங் (வாயாலேயே தாளம் எழுப்புவது), குறும்படம், ஒலிப்பதிவு என்று ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்றுத்தரும் அமைப்புகளைப் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி செய்தி வருவது மகிழ்ச்சி. படத்தில் ஒரு பையன் மைக்கைப் பிடித்திருப்பான், அல்லது ஒரு பெண் ஒற்றைக் கையில் தலைகீழாக நிற்பாள். அமைப்பை நடத்துகிறவர் யார், அவருக்குச் சம்பளம் உண்டா, அந்தப் பிள்ளை எழுதிய பாட்டு யார் பேரில் இருக்கிறது என்ற விவரம் மட்டும் இருக்காது. அமைப்பு ஐந்து ஆண்டு தாங்குமா, இரண்டாம் ஆண்டிலேயே பூட்டுப் போடுமா என்பதை அந்த மூன்றும்தான் முடிவு செய்கின்றன.

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் நடந்த விருந்தைத்தான் ராப், பிரேக்கிங் எல்லாம் அடங்கிய ஹிப்-ஹாப் கலையின் பிறந்தநாளாகச் சொல்கிறார்கள். அன்று இசைத்தட்டு சுழற்றிய டிஜே கூல் ஹெர்க்கை உலகம் அறியும். விருந்துக்கு ஏற்பாடு செய்தவர் அவருடைய தங்கை சிண்டி கேம்ப்பெல். பள்ளி திறக்கும்முன் புதுத்துணி வாங்கக் காசு வேண்டும் என்று கணக்குப் போட்டு, நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று வைத்து நடத்தினார். ஏற்பாட்டாளர் இல்லாமல் இந்தக் கலை ஒருநாளும் நடந்ததில்லை.

நமக்கு நெருக்கமான உதாரணம் மும்பையின் தாராவி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்குப் போன தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் இடம் அது. தாராவியின் டோப்அடெலிக்ஸ் குழு தமிழிலும் ராப் பாடுகிறது. 2018இல் அந்தப் பகுதியையே களமாகக் கொண்டு வந்த ரஜினிகாந்த் படத்தின் பாடல்களிலும் அவர்களின் குரல் உண்டு. அங்கே 2015இல் தாராவி டிரீம் புராஜெக்ட் என்ற இலவச ஹிப்-ஹாப் பள்ளி தொடங்கியது. யுனிவர்சல் மியூசிக் இந்தியா, க்யூகி ஆகிய நிறுவனங்கள் அதன் பின்னால் நின்றன. ஆனால் அதற்கு முன்பே ஸ்லம்காட்ஸ் குழுவின் பி-பாய் (பிரேக்கிங் ஆடுபவர்) அக்கு போன்றவர்கள் அங்குள்ள சிறுவர்களுக்குக் காசு வாங்காமல் பிரேக்கிங் சொல்லித்தந்துகொண்டிருந்தார்கள். பெரிய நிறுவனம் வருவதற்கு முன்பே தெருவில் ஆசிரியர்கள் இருந்தார்கள் என்பதை நிதி கொடுப்பவர்கள் மறந்துவிடக் கூடாது.

இத்தகைய அமைப்புக்குத் தலைமையில் மூன்று ஆள் வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து: கலையைத் தெரிந்தவர், கணக்கைத் தெரிந்தவர், பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்ப்பவர். ஒருவரே மூன்றையும் சுமந்தால் முதலில் சரிவது கணக்கு. நிகழ்ச்சி நெருங்கும் வாரத்தில் பாட்டு, மேடை, வண்டி என்று ஓடும் கலைஞர் ரசீது வாங்க மாட்டார்; வருட முடிவில் ஆடிட்டர் கேட்கும்போது டீக்கடை, ஆட்டோ, சவுண்ட் செட் வாடகை எதற்கும் தாள் இருக்காது. அடுத்த ஆண்டு நிதி நின்றுபோவதற்கு அது ஒன்றே போதும்.

மூவரில் ஒருவராவது அந்த அமைப்பிலேயே படித்து வளர்ந்தவராக இருக்க வேண்டும். அது தானாக நடக்காது, படிப்படியாகத் தயார் செய்ய வேண்டும். 16, 17 வயதில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் உதவியாளர். 18 முடிந்ததும் மாதச் சம்பளத்துடன் துணைப் பயிற்றுநர். வருகைப் பதிவேடும் சில்லறைச் செலவுப் புத்தகமும் அவர் கையில். அடுத்த ஆண்டு ஒரு நிகழ்ச்சியின் பட்ஜெட் முழுவதையும் அவரே போட வேண்டும். அதற்கடுத்து நிதி கேட்டு எழுதும் விண்ணப்பம். அதன்பிறகுதான் அறங்காவலர் பதவி. பல இடங்களில் இந்தப் படிகளைத் தாண்டிக் குதித்து, ‘இளைஞர் பிரதிநிதி’ என்று ஒருவரை மட்டும் குழுவில் போட்டுவிடுகிறார்கள். எட்டுப் பெரியவர்களுக்கு நடுவே உட்கார்ந்த 19 வயதுப் பையன் வாயே திறக்க மாட்டான். இருவராவது இருக்க வேண்டும். கூட்டத்தில் பேசப்போகும் கணக்கும் தீர்மானமும் ஒரு வாரம் முன்னதாகத் தமிழில் கையில் கிடைக்க வேண்டும். கூட்டம் மாலையில் நடக்க வேண்டும். காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்தால், டெலிவரி வேலைக்குப் போகும் இளைஞர் ஒரு நாள் கூலியை இழந்துதான் வர முடியும்.

அமைப்பைச் சட்டப்படி பதிவு செய்வது பெரிய வித்தை இல்லை. அறக்கட்டளை, சங்கம், அல்லது கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவில் வரும் லாப நோக்கமில்லாத நிறுவனம் என்று மூன்று வழி உண்டு. சங்கத்துக்குக் குறைந்தது 7 பேர் வேண்டும். சிக்கல் வருவது நிதியில். பெரிய நிறுவனங்கள் தங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் (சிஎஸ்ஆர்) செலவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தை வாங்கும் வெளி அமைப்புக்கு வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவும், சிஎஸ்ஆர் நிதி வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவு எண்ணும், அதே துறையில் மூன்றாண்டு அனுபவமும் இருக்க வேண்டும். புதிதாகத் தொடங்கும் இளைஞர்களிடம் அந்த மூன்றாண்டு இல்லை. அதனால் பழைய அறக்கட்டளை ஒன்றின் நிழலில் ஒதுங்குகிறார்கள். அங்கே கையெழுத்து அதிகாரம் முழுவதும் அறக்கட்டளைக்காரரிடம் போய்விடுகிறது. ஒதுங்கும் நாளிலேயே தனி வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து, எத்தனை ஆண்டில் பிரிந்துபோகலாம் என்பது மூன்றையும் எழுதி வாங்கிவிட வேண்டும்.

சம்பளத்துக்கு வருவோம். ‘நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான் தருவோம்’ என்று நிதி கொடுக்கும் அதிகாரிகள் சொல்வது வழக்கம். விதியில் உள்ள 5 சதவீத வரம்பு, அந்த நிறுவனம் தன் சமூகப் பணிப் பிரிவை நடத்த ஆகும் பொதுச் செலவுக்கானது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க ஆகும் செலவு அதில் சேராது. அதாவது பயிற்றுநர் சம்பளம் திட்டச் செலவு. இதை விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதாவிட்டால் பயிற்றுநரின் பணம் ‘நிர்வாகம்’ என்ற பெயரில் வெட்டுப்படும்.

40 பிள்ளைகள், வாரம் 4 நாள், மாலை 5.30 முதல் 7.30 வரை நடக்கும் ஒரு மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பயிற்றுநருக்குத் தலா 15,000, ஒருங்கிணைப்பாளருக்கு 25,000, பகுதிநேரக் கணக்கருக்கு 8,000 என்று வைத்தால் மாதம் 78,000 ரூபாய். லேப்டாப், இரண்டு மைக் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸ், மைக், ஹெட்ஃபோன், ஒரு ஜோடி ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குள் முடிந்துவிடும். ஆக மொத்தக் கருவியும் இரண்டு மாதச் சம்பளத்துக்குள் அடக்கம். அப்படியிருந்தும் கருவிக்குத்தான் பணம் வருகிறது. அதில் நிறுவனத்தின் பெயர்ப் பலகையை ஒட்டலாம்.

கருவியிலும் தெரியாதவர் முடிவெடுத்தால் காசு வீண். விலை உயர்ந்த கண்டென்சர் மைக் வாங்கிக் கொடுப்பார்கள். தகரக் கூரையும் சாலையோரமுமான அறையில் அது ஆட்டோ ஹாரன், மிக்சி, பக்கத்து வீட்டு டிவி எல்லாவற்றையும் சேர்த்துப் பதியும். அந்த அறைக்குச் சாதாரண டைனமிக் மைக்கே போதும். வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் வைத்தால் ‘ப’, ‘ப்ப’ வரும்போது காற்று இடிக்காது. நடனத்துக்கும் இதே கதைதான். சொரசொரப்பான சிமெண்ட் தரையில் பிரேக்கிங் ஆடினால் தோள், முழங்கை தோல் உரியும், மணிக்கட்டு போய்விடும். பழைய ஃபிளெக்ஸ் பேனரை விரித்தால் வழுக்கி விழுவார்கள். தரையோடு ஒட்டிய வினைல் விரிப்பு வேண்டும். இதெல்லாம் வகுப்பு எடுக்கிறவருக்குத் தெரியும். வாங்கும் முடிவு அவரிடம் இருக்க வேண்டும்.

பெற்றோர்கள் கவனமாகப் படிக்க வேண்டியது பாட்டின் உரிமை பற்றிய பகுதி. ஒரு பிள்ளை வரிகளை எழுதினால் அந்த வரிகளின் முதல் உரிமையாளர் அந்தப் பிள்ளைதான். ஒலிப்பதிவின் உரிமை, அதைத் தயாரித்தவருக்கு, அதாவது பெரும்பாலும் அமைப்புக்குப் போகும். இரண்டும் வெவ்வேறு. வரிகளின் உரிமையை அமைப்புக்கு மாற்றுவதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எவ்வளவு காலம், எந்த நாடுகளில் என்று குறிப்பிட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். 18 வயது நிரம்பாதவர் போட்ட ஒப்பந்தம் செல்லாது. சேர்க்கைப் படிவத்தின் அடியில் ‘என் எல்லாப் படைப்புகளும் அமைப்புக்கே சொந்தம்’ என்று சின்ன எழுத்தில் அச்சடித்துப் பிள்ளையிடம் கையெழுத்து வாங்கும் அமைப்பை நம்ப வேண்டாம்.

நல்ல தலைமை பாட்டு பதிவான அன்றிரவே ஒரு தாளில் எழுதி வாங்கிவிடும்: பாட்டின் பெயர், தேதி, வரிகள் யார், பீட்டு (பாட்டுக்குப் பின்னால் ஓடும் தாள இசை) யார், பல்லவி யார், யாருக்கு எத்தனை சதவீதம், கூட்டினால் 100. வீடியோ ஓடிப் பத்து லட்சம் பேர் பார்த்த பிறகு இதை எழுத உட்கார்ந்தால் நட்பு முறியும்.

பீட்டிலும் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. யூடியூபில் ‘ஃப்ரீ’ என்று போட்டிருக்கும் பீட்டை இறக்கிப் பாடுவது பிள்ளைகளின் வழக்கம். பெரும்பாலும் அந்த ‘ஃப்ரீ’ வருமானம் இல்லாத பாட்டுக்குத்தான். காசு கொடுத்து வாங்கும் லீஸிலும் (பீட்டைப் பயன்படுத்தும் உரிமம்) இத்தனை முறைதான் ஒலிக்கலாம் என்ற வரம்பு இருக்கும், அதே பீட்டை வேறு பலரும் வாங்கியிருப்பார்கள். அவர்களில் ஒருவர் விதியை மீறித் தன் பாட்டை, ஒரு பாட்டின் உரிமையாளரைத் தானாகக் கண்டறியும் யூடியூபின் கண்டென்ட் ஐடியில் பதிந்துவிட்டால், நம் பிள்ளையின் பாட்டுக்கு வரும் பணம் அவருக்குப் போகும். லீஸ் தாளைப் பாட்டின் கோப்புறையிலேயே வைத்திருந்தால் மறுப்புத் தெரிவித்து மீட்கலாம். இதைவிட நல்லது, முதல் மூன்று மாதத்திலேயே பீட்டு செய்யக் கற்றுக்கொடுப்பது. பறை, சட்டி மேளம், கானாவின் தாளக்கட்டு என்று நம்மிடம் இல்லாத ஓசையா? அவற்றைப் பிள்ளைகளே பதிந்து வெட்டி ஒட்டினால் யாரும் உரிமை கேட்டு வர முடியாது.

பதிவுகளைச் சேமிப்பதும் தலைமையின் வேலை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஒரு மோனோ டிராக் (குரலையோ ஒரு கருவியையோ தனியாகப் பதிந்த கோப்பு) நிமிடத்துக்கு 8.6 எம்பி எடுக்கும். 20 டிராக் உள்ள நான்கு நிமிடப் பாட்டு ஏறக்குறைய 700 எம்பி. இடம் போதவில்லை என்று எம்பி3யை மட்டும் வைத்துக்கொண்டு டிராக்குகளை அழித்துவிட்டால், பிறகு ஒரு திரைப்பட இசையமைப்பாளர் குரலைத் தனியாகக் கேட்கும்போது கொடுக்க ஒன்றும் இருக்காது. இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டு வெவ்வேறு இடத்தில். செலவு அதிகமில்லை.

பாதுகாப்பு குறித்து வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். ஒலிப்பதிவு அறை என்பது வெளியே சத்தம் கேட்காத, கதவு மூடிய சின்ன அறை. அங்கே ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கவே கூடாது. கதவில் கண்ணாடி வேண்டும், உள்ளிருந்து தாழ் கூடாது, இரண்டாவது பெரியவர் எப்போதும் வெளியே இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பிள்ளையோடு தனிப்பேச்சு இல்லை, இரு பெரியவர்கள் உள்ள குழுவில் மட்டும். இரவு நிகழ்ச்சி என்றால் யார் யாரை எத்தனை மணிக்கு வீட்டில் விட்டார்கள் என்று எழுதப்பட வேண்டும். போக்சோ சட்டப்படி, பிள்ளைகள் மீதான பாலியல் குற்றம் தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்த பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. ஹிப்-ஹாப்பின் மிகப் பழைய அமைப்புகளில் ஒன்றான யுனிவர்சல் ஜூலு நேஷனின் நிறுவனர் மீதே 2016இல் பல ஆண்கள், சிறுவயதில் தங்களுக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகப் புகார் சொன்னார்கள். அவர் மறுத்தார், அமைப்பின் தலைமை மாறியது. நிறுவனரைக் கேள்வி கேட்க ஆள் இல்லாத அமைப்பில் பிள்ளையின் புகார் எங்கே போய்ச் சேரும்? ஆகவே பாதுகாப்புப் பொறுப்பாளர் நிறுவனரின் உறவினராகவோ நிறுவனரே சம்பளம் நிர்ணயிக்கும் ஆளாகவோ இருக்கக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் சுவரில் பெரிதாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பிள்ளைகள் எழுதும் வரிகளில் வீட்டுச் சண்டையும் சாவும் குடியும் வரும். பயிற்றுநர் மனநல ஆலோசகர் இல்லை. கலிபோர்னியாவின் ஓக்லண்டில் இயங்கும் பீட்ஸ் ரைம்ஸ் அண்ட் லைஃப் அமைப்பின் வேலையை 2004இல் தொடங்கிய தோமாஸ் அல்வாரெஸ் சமூகப் பணியாளர். பாட்டு எழுதுவதையே சிகிச்சையோடு இணைத்தார். நம் மையங்களில் மாதம் இருமுறையாவது ஓர் ஆலோசகர் வந்து உட்கார ஏற்பாடு செய்வது தலைமையால் முடிகிற காரியம்தான்.

தங்கள் செய்தியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய அமைப்பைப் பற்றி எழுதப் போகும்போது, காசோலையில் கையெழுத்துப் போடும் இருவர் யார், அவர்களில் பழைய மாணவர் உண்டா என்று கேளுங்கள். யூடியூப் சேனலின் கடவுச்சொல் அமைப்பின் மின்னஞ்சலில் இருக்கிறதா, ஒரு தனி ஆளின் கைப்பேசியில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்த ஆள் விலகிப் போனால் பிள்ளைகளின் பாட்டும் அதன் வருமானமும் அவரோடு போய்விடும். கிடைக்கும் பதிலை அந்தப் பிள்ளையின் படத்துக்குக் கீழேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
இளைஞர் இசை, ஒளிப்பதிவுப் பயிற்சிகளில் பணிபுரிவோர்,
வட சென்னை.