பனிக்காலத்துச் சில்வண்டு

அன்புள்ள முரளி,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டித் தீர்த்துவிடு, வாங்கிக்கொள்கிறேன். வேலை, வீடு மாற்றம் என்று ஏதாவது காரணம் சொல்லலாம்தான், ஆனால் நீ நம்ப மாட்டாய், எனக்கும் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பாஸ்கர் சுடுவதற்கு முன்னால் இன்னமும் அரை மணி நேரம் ஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறானா? இங்கே எல்லோரும் நலம். அப்புறம் விஷயத்துக்கு வருகிறேன்.

சைலன்சர் வாங்கிவிட்டேன்.

யாரைப் போட்டுத் தள்ளப் போகிறாய் என்றுதானே கேட்கிறாய்? கமலாவும் அதையேதான் கேட்டாள். விண்ணப்பம், கையெழுத்து, காத்திருப்பு எல்லாம் முடித்து முறைப்படி வாங்கியதுதான். இந்த விஷயத்தில் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி. ஒரு நாட்டில் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கூடாது என்று மாட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள், இன்னொரு நாட்டில் கையில் வைத்திருந்தாலே ஜெயில். அதனால் நான் சொல்வதைக் கேட்டு உற்சாகமாகி எதையும் செய்துவிடாதே, உன் பக்கம் சட்டம் என்ன என்று முதலில் விசாரி.

நம் பழைய .22 போல்ட் ரைஃபிளில்தான் மாட்டினேன், சின்னத் தோட்டா போட்டு, ஒவ்வொரு தடவையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளுவோமே, அதில். குழலின் முனையில் மரை வெட்டிக் கொடுத்தவர் கெட்டிக்காரர். வெட்டி முடித்ததும் நேரான ஒரு கம்பியைக் குழலுக்குள் விட்டு, அது சைலன்சரின் வாயில் நட்ட நடுவாக வெளியே வருகிறதா என்று எனக்குக் காட்டிவிட்டுத்தான் ரைஃபிளைக் கையில் கொடுத்தார். ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் தோட்டா உள்ளே இருக்கும் தகடுகளில் உரசும். முதலில் குறி தப்பும், அப்புறம் தகடு பிய்யும். அவர் அவ்வளவு பார்த்துக் கொடுத்தும் நான் சொதப்பினேன். முதல் நாள் முப்பது தோட்டா வரை எல்லாம் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது, திடீரென்று ஒன்று எங்கேயோ போய்விட்டது, அடுத்தது இன்னும் தள்ளி. காற்றைத் திட்டினேன், ஸ்கோப்பைத் திட்டினேன், பாஸ்கரைக்கூட ஒரு தடவை திட்டினேன். கடைசியில் போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு முனையைத் தொட்டுப் பார்த்தால் சைலன்சர் முக்கால் சுற்று கழன்று ஆடுகிறது. இப்போது பத்து தோட்டாவுக்கு ஒரு தடவை கையால் இறுக்கிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. மாட்டினால் குறி விழும் இடமும் கொஞ்சம் நகரும், முனையில் பாரம் கூடினால் குழல் அதிரும் விதமே மாறிவிடுகிறதல்லவா. மாட்டிய பிறகு புதிதாகப் பூஜ்யம் வைத்தாக வேண்டும், அதாவது ஸ்கோப்பில் பார்க்கிற இடத்திலேயே தோட்டா விழும்படி திருத்தியாக வேண்டும்.

சினிமாவில் வருகிற அந்த ‘ப்ஸ்க்’ சத்தத்தை மறந்துவிடு. துப்பாக்கியிலிருந்து வருவது ஒரு சத்தம் இல்லை, இரண்டு. குழலின் வாயிலிருந்து வாயு அழுத்தத்தோடு பீறிட்டு வருகிற வெடி ஒன்று. சைலன்சருக்குள் வரிசையாக இருக்கும் தகடுகள் அந்த வாயுவைத் தேக்கிச் சுழலவிட்டு, சூடு தணித்து, மெதுவாக வெளியே விடுகின்றன, அதனால் இந்த வெடி அடங்குகிறது. இன்னொன்று தோட்டா காற்றைக் கிழிக்கும் சத்தம். மாட்டுக்காரன் சாட்டையைச் சொடுக்கினால் ஒரு ‘பளீர்’ வருமே, அதேதான். சாட்டை நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டுகிறது, அதனால் அந்தச் சத்தம். தோட்டாவும் தாண்டினால் அது போகிற வழி முழுக்கச் சொடுக்கிக்கொண்டே போகும், சைலன்சரால் அதை ஒன்றும் செய்ய முடியாது. அதற்குத்தான் சப்சோனிக் தோட்டா, ஒலியைவிட மெதுவாகப் போவது. சாதாரண ஹை வெலாசிட்டி .22 நொடிக்கு 375 மீட்டருக்கு மேல் போகும், சப்சோனிக் 320 மீட்டர் பக்கம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பனி கொட்டிய ஒரு விடிகாலையில் போய்ப் படுத்தேன், புல்லெல்லாம் வெள்ளை. கையில் இருந்தது நாம் எப்போதும் சுடுகிற ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, பெட்டியில் 326 என்று போட்டிருக்கிறது. அதற்கு முந்தைய வாரம் மத்தியானத்தில் சுட்டபோது ஒரு சொடுக்குகூட இல்லை. இப்போது முதல் தோட்டா ‘தப்’ என்றது, இரண்டாவது ‘தப்’, மூன்றாவது ‘பளீர்’! அப்புறம் இரண்டு ‘தப்’, மறுபடி ஒரு ‘பளீர்’. துப்பாக்கியில்தான் கோளாறு என்று கால் மணி நேரம் தேடினேன். கோளாறு குளிரில் இருந்தது. ஒலியின் வேகம் 20 டிகிரியில் 343 மீட்டர், தண்ணீர் உறைகிற குளிரில் 331தான். பெட்டியில் போட்டிருக்கிற 326 சராசரி, ஒவ்வொரு தோட்டாவும் அதற்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோதான் போகும். வெயில் நாளில் எல்லாமே கோட்டுக்கு உள்ளே இருந்தன, குளிர் வந்ததும் கோடே கீழே இறங்கிவிட்டது, நாலைந்து தோட்டாக்கள் தாண்டிவிட்டன. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு காதால் கேட்டபோது என்னவோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி ஒரு சந்தோஷம். எழுந்து யாரிடமாவது சொல்லலாம் என்று பார்த்தால் அந்தப் பனியில் யார் வருவார்கள்?

அதற்குப் பிறகு அசல் சப்சோனிக் ஒரு பெட்டி வாங்கினேன். மெதுவாகப் போவதால் வளைவு அதிகம், 50 மீட்டரில் பூஜ்யம் வைத்தால் 100 மீட்டரில் கிட்டத்தட்ட ஒரு சாண் கீழே விழுகிறது. குறைதான், ஆனால் பெரிய குறை இல்லை. ஒலிம்பிக்கில் 50 மீட்டர் சுடுகிறவர்களும் இந்த வேகத்துத் தோட்டாவைத்தானே போடுகிறார்கள். ஒலியைத் தாண்டிப் போய்விட்டு நடுவழியில் மறுபடி அதற்குக் கீழே இறங்குகிற தோட்டா அந்த இடத்தில் தடுமாறும், முதலிலிருந்தே கீழே போவதற்கு அந்தத் தொல்லை இல்லை. இன்னும் கனமாக 60 கிரெயின் எடையில் ஒரு சப்சோனிக் வருகிறது, அதை மட்டும் சைலன்சரோடு போட்டுவிடாதே. தோட்டாவைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டியிருக்கும் புரி நம்முடையதில் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அவ்வளவு நீளமான தோட்டாவை நேராக நிறுத்த அது போதாது. தோட்டா கவிழ்ந்துகொண்டே போனால் தகடுகளின் கதி என்ன என்று நீயே யோசி.

அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்கிற உன் தானியங்கியில் மாட்டலாமா என்று நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், மாட்டலாம், ஆனால் அழுவாய். சப்சோனிக்கின் உதைப்பு சில துப்பாக்கிகளில் போல்ட்டை முழுசாகத் தள்ளாது, காலிக் கூடு பாதி வழியில் நட்டுக்கொண்டு நிற்கும். சரியாகத் தள்ளினாலும் வாயு பின்பக்கமாக வந்து கண்ணில் அடிக்கும், போல்ட் அடிக்கிற சத்தமே சைலன்சர் அடக்கிய சத்தத்துக்குப் போட்டியாக வரும். வேகமாகச் சுட்டுத்தள்ள வேண்டும் என்கிற உன் வியாதிக்கு இதில் மருந்து இல்லை.

சுத்தம் செய்வதுதான் பெரிய ரோதனை. .22 தோட்டா பெரும்பாலும் வெறும் ஈயம், மேலே மெழுகு. இருநூறு முந்நூறு சுட்டாலே உள்ளே ஈயமும் கரியும் கெட்டியாக அப்பிக்கொள்கிறது. தகடுகளைத் தனித்தனியாகக் கழற்ற முடிகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊற வைத்தால் பளபளவென்று ஆகிவிடும் என்று ஜோசப் யோசனை சொன்னான். நல்லவேளை, செய்வதற்கு முன்னால் விசாரித்தேன். ஈயம் அதில் கரைந்து லெட் அசிடேட் ஆகிறது, தோல் வழியாகவே உடம்பில் ஏறுகிற விஷம். தகடு அலுமினியமாக இருந்தால் அதையும் சேர்த்து அரித்துவிடும். நான் கையுறை போட்டுக்கொண்டு, பித்தளை பிரஷ்ஷும் எண்ணெயும் வைத்துப் பொறுமையாகச் சுரண்டுகிறேன், முடித்ததும் சோப்பு போட்டு இரண்டு தடவை கை கழுவுகிறேன்.

சரி முரளி, இவ்வளவு நேரமும் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தேன். கடிதம் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

அசல் சப்சோனிக் போட்ட அன்றைக்கும் அதே மாதிரிக் குளிர், காற்றே இல்லை. முதல் தோட்டா கொஞ்சம் சத்தமாகத்தான் போனது, உள்ளே இருக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜனில் மிச்ச வாயு எரிவதால் முதல் தோட்டா எப்போதும் அப்படித்தான். இரண்டாவதிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தைப் பட்டென்று மூடியது போல, அவ்வளவுதான். ஊசி அடிக்கிற ‘டிக்’ கேட்கிறது, தோட்டா அங்கே மண்மேட்டில் ‘பொத்’தென்று புதைவது கேட்கிறது. இத்தனை வருஷத்தில் என் தோட்டா போய் விழுகிற சத்தத்தை நான் கேட்டதே இல்லையடா! ஆனந்தமாக இருந்தது. ஐந்தாவது தோட்டாவுக்கு அப்புறம் காது மூடியை எடுத்துவிட்டுச் சும்மா படுத்திருந்தேன். எங்கேயோ ஒரு சில்வண்டு. விடாமல், ஒரே சுருதியில், இடது பக்கத்திலிருந்து.

பக்கத்துத் தடத்தில் ஒரு பெரியவர் வந்திருந்தார். “சில்வண்டு இந்தக் குளிரிலுமா கத்தும்?” என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தரையெல்லாம் பனி உறைந்து கிடக்கிறது, அங்கே ஏது சில்வண்டு?

காதுப் பரிசோதனைக்குப் போனேன். வலது காது பரவாயில்லையாம். இடது காதின் வரைபடத்தில் கோடு நேராக வந்து 4000 ஹெர்ட்ஸில் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இறங்குகிறது. நான் சொல்வதற்கு முன்னாலேயே டாக்டர், “வலது கைக்காரரா? ரைஃபிள் சுடுவீர்களா?” என்று கேட்டுவிட்டார். கன்னத்தைக் கட்டையில் சாய்க்கும்போது வலது காது தலையின் மறைவில் போய்விடுகிறது, இடது காது குழலின் வாயைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. காதுக்குள் செத்துப்போன மயிர்ச் செல்கள் திரும்ப முளைக்காதாம். .22 தானே, பொம்மைத் துப்பாக்கி என்று நாம் எத்தனை தடவை சொல்லியிருப்போம். ரைஃபிளில் அது சுமார் 140 டெசிபல், காதுக்கு அபாயம் என்று கோடு போட்டிருக்கும் இடமே அதுதான். சைலன்சரும் சப்சோனிக்கும் சேர்ந்தால் 120 பக்கம் இறங்குகிறது. அப்படியும் நான் இப்போது மூடி இல்லாமல் சுடுவதில்லை.

மேக்சிம் கதை உனக்குத் தெரியுமா? அப்பா ஹைரம் மேக்சிம் இயந்திரத் துப்பாக்கியைச் செய்தவர், அந்தச் சத்தத்திலேயே காது போனது அவருக்கு. மகன் ஹைரம் பெர்சி மேக்சிம் 1909-இல் சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கினார். நான் வாங்கியது அந்தச் சாமானின் பேரப்பிள்ளை. முப்பது வருஷம் தாமதமாக வாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன், ராத்திரி படுத்தால் தூக்கம் வருவதில்லை. வீடு அடங்க அடங்க அந்தச் சில்வண்டுச் சத்தம் பெரிதாகிறது. ஒரு மின்விசிறியை ஓடவிட்டுத் தூங்குகிறேன், குளிர்காலத்தில் மின்விசிறி! கமலாவிடம் புழுக்கம் என்றேன். அவள் நம்பவில்லை. போன வாரம் அவள் ஏதோ கேட்டாள், நான் ஏதோ பதில் சொன்னேன், பையன் விழுந்து விழுந்து சிரித்தான். “பதினொன்றா சார்?” என்றான். நம் கதையை நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன், அதே குரலில், கையைக் காதோரம் வைத்துக்கொண்டு. நானும் சிரித்தேன். அப்புறம் மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீ “பத்து சார்” என்று கத்துவாய், வாத்தியார் “பதினொன்றா?” என்பார், நாம் நாலு பேரும் தரையில் புரளுவோம். காதில் பஞ்சைத் திணித்துக்கொண்டு நாள் பூராவும் நம் பக்கத்திலேயே நின்றிருந்தவர். அந்தப் பஞ்சைக்கூட நாம் கிண்டல் செய்தோம், “எதற்கு சார் தலையணை” என்று கேட்டது நீதானே?

நீயும் போய்க் காதைக் காட்டு. உனக்கு இடது கைப் பழக்கம், அதனால் வலது காதை நன்றாகப் பார்க்கச் சொல். அடுத்த மாதம் வருகிறேன் என்றாயே, வா, என் ரைஃபிளில் சுட்டுப் பார், தானியங்கியை வீட்டிலேயே விட்டுவிட்டு வா. அப்புறம் ஒரு உதவி. வாத்தியாரின் மகன் நம்பர் உன்னிடம் இருந்ததே, இன்னும் இருந்தால் அனுப்பு. போனில் அவருக்குக் கேட்காது, எனக்கும் சரியாகக் கேட்காது, அதனால் நேரிலேயே போய்விடலாம் என்று இருக்கிறேன்.

உன்,
சேகர்