வெளிநாட்டு விலை என்று ஒன்று எங்கள் கடையில் இல்லை

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

லண்டன், ரொறன்ரோ, பாரிஸ், சூரிச், ஒஸ்லோ என்று எங்கெங்கோ இருந்துகொண்டு, ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு எங்கள் புதுக்குடியிருப்புக் கடை மூலம் மாதச் சாமான் எடுத்துக் கொடுக்கிற உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறோம். வழமையாக மாதக் கடைசியில் விலைப்பட்டியலை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவோம். இந்த ஆடி மாதப் பட்டியலைப் பார்த்தால் கேள்வி வரும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் பட்டியல் போக முன்னமே ஒரு குரல்பதிவு சுற்றத் தொடங்கிவிட்டது.

உங்களில் பலர் அதைக் கேட்டிருப்பீர்கள். கேட்டவர்களில் சிலர் அக்கறையோடு எங்களுக்கும் அனுப்பி வைத்தீர்கள், அதற்கு நன்றி. "வெளிநாட்டுக்காரன் எண்டால் ஒரு விலை, ஊர்ச்சனத்துக்கு ஒரு விலை. இங்கிலாந்துப் பவுண் ஏறினால் கடைக்காரனுக்குத்தான் கொண்டாட்டம்" என்று அதில் சொல்லப்படுகிறது. பேசியவரின் குரல் எங்களுக்குத் தெரியாததல்ல. பெயர் எழுதப் போவதில்லை. அவருடைய தாயார் போன கிழமையும் கடைக்கு வந்து, கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார். அவருக்கு இது ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

விலை கூடிப்போச்சு என்று சொல்லியிருந்தால் மனம் இவ்வளவு நோகாது. விலை கூடித்தான் இருக்கிறது. இரண்டு விலை என்று சொன்னதுதான் சுட்டது. போர் முடிந்து மீள்குடியேறிய பிறகு தகரக் கொட்டிலில் தொடங்கிய நாளிலிருந்து வாசலில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. காலையில் சோக்கால் எழுதுகிற விலைதான் வாசலில் சைக்கிளை நிறுத்தி அரைக்கிலோ சீனி வாங்குகிறவருக்கும், சூரிச்சிலிருந்து சாமான் பட்டியல் போடுகிறவருக்கும். மச்சானுக்கு ஒரு விலை, அம்மாவின் பெட்டிக்கு ஒரு விலை என்று குரல்பதிவில் அவர் சொன்ன பருப்புக் கதையை எடுங்கள். அவருடைய மச்சான் திங்கட்கிழமை எங்களிடம் மைசூர் பருப்பு வாங்கினார். வெள்ளிக்கிழமை அம்மாவின் பெட்டியில் போன பருப்புக்கு சிட்டையில் கூட விலை. இரண்டுக்கும் இடையில் கொழும்புப் புறக்கோட்டை மொத்தக் கடையிலிருந்து புது லொறி வந்து இறங்கியது. பழைய மூட்டை வியாழக்கிழமை முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மச்சான் வந்திருந்தாலும் அதே கூட விலைதான். மொத்தக் கடைச் சிட்டைகள் இரண்டும் கொப்பிக்குள் இருக்கின்றன. யார் கேட்டாலும் படம் எடுத்து அனுப்புவோம்.

ஒன்று சொல்ல வேண்டும், அந்தப் பருப்பு எங்கள் வயலில் விளைவதில்லை. இலங்கைக்கு வரும் மைசூர் பருப்பில் பெரும்பகுதி கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் விளைந்து கப்பலில் வருகிறது. ரொறன்ரோவில் இருக்கிற மகன் அம்மாவுக்குக் காசு கட்டி வாங்கிக் கொடுப்பது கனடாப் பருப்பு! பால்மா நியூசிலாந்திலிருந்து வருகிறது. கோதுமை இந்த நாட்டில் விளைவதேயில்லை. செத்தல் மிளகாய் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து. ஆகவே, டொலர் ஏறினால் உங்கள் பெட்டியில் முக்கால்வாசிச் சாமான் அதற்குப் பின்னால் ஓடுகிறது.

பவுண் ஏறினால் எங்களுக்கு லாபம் என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறோம். நாங்கள் யாரிடமும் பவுண் வாங்குவதில்லை. சிட்டையை ரூபாயில் அனுப்புகிறோம், ரூபாயில்தான் கணக்கில் வந்து விழுகிறது. எந்த விலைக்கு மாற்றினார்கள் என்பது நீங்கள் காசு கட்டுகிற இடத்தோடு முடிகிற விடயம். 2022 பங்குனி தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயளவில் நின்றது, வைகாசியில் 360ஐத் தொட்டது. அந்த நேரம் நீங்கள் அனுப்பிய அதே 100 பவுணுக்கு இங்கே கூட ரூபாய் வந்தது உண்மை. வந்த ரூபாய் பெட்டியை நிரப்பியதா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

மற்றது, செய்தி பார்த்துவிட்டுக் கேட்கிறவர்கள். "சிறீலங்காவில விலைவாசி குறைஞ்சிட்டுதெண்டு போட்டிருக்கு, நீங்கள் ஏன் ஏத்துறியள்?" நியாயமான கேள்விதான். 2024 புரட்டாதியில் விலைவாசியை அளக்கிற கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே போனது. அதை இழுத்து இறக்கியதில் மின்கட்டணத்துக்கும் எரிபொருளுக்கும் பெரிய பங்கு. மின்கட்டணம் 2025 தையில் 20 சதவீதம் குறைந்தது, ஆனியில் திரும்பவும் 15 சதவீதம் கூடியது. அந்தக் குறைவை அம்மாவின் சாமான் பெட்டிக்குள் தேடினால் கிடைக்காது. பெட்டிக்குள் இருப்பது தேங்காய். 2025இல் ஒரு காய் 200 ரூபாயைத் தாண்டியது. உப்பையும் சொல்ல வேண்டும். பரந்தன் தாண்டினால் ஆனையிறவு உப்பளம், ஆனாலும் அந்த வருட வைகாசியில் ஒரு பைக்கற் உப்புக்கு நாங்களே அலைந்தோம். அரிசியில் எங்களுக்குக் கையே இல்லை. 2024 மார்கழியில் நாட்டரிசிக்கு கிலோ 230 ரூபாய் என்று அரசு உச்ச விலை வைத்தது, அதற்கு மேல் போக முடியாது. அதோடு, 2022 புரட்டாதியில் இந்தச் சுட்டெண் ஒரே வருடத்தில் 69.8 சதவீதம் ஏறியிருந்தது. பிறகு ஏற்றம் நின்றது என்றால், ஏறிய இடத்தில் நிற்கிறது என்றுதான் அர்த்தம்.

உங்கள் பக்கமும் இதே கதை என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. சிட்டையைப் பற்றிக் கதைக்க எடுக்கிற தொலைபேசி அழைப்பு எப்படியும் அங்கத்தைய விலையில்தான் போய் முடியும். பிரித்தானியாவில் 2022 ஐப்பசியில் பணவீக்கம் 11.1 சதவீதம், அடுத்த பங்குனியில் சாப்பாட்டுச் சாமானுக்கு மட்டும் 19 சதவீதம். ஒரு சராசரி வீட்டின் மின்சார, எரிவாயுக் கட்டணத்துக்கு இருந்த வருட உச்சவரம்பு 1,277 பவுணிலிருந்து 2022 சித்திரையில் 1,971 ஆகியது. ஐப்பசியில் அரசாங்கம் கைகொடுத்தும் 2,500இல் வந்து நின்றது. அந்த மாரியில் ஹீற்றரை ஒரே அறையில் மட்டும் போட்டுப் பிள்ளைகளை அதற்குள் படுக்க வைத்ததாக ஒரு தங்கச்சி சொன்னார். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு கடைக்குப் போய் விலை குறைத்து மஞ்சள் துண்டு ஒட்டிய பாணும் இறைச்சியும் எடுத்து வருவது தனக்குப் பழகிவிட்டது என்று இன்னொருவர் சிரித்துக்கொண்டு சொன்னார். கனடாவில் மத்திய வங்கியின் வட்டி 2022 தொடக்கத்தில் 0.25 சதவீதமாக இருந்து 2023 ஆடியில் 5 சதவீதத்துக்குப் போனபோது, மாறும் வட்டிக்கு வீட்டுக்கடன் எடுத்தவர்கள் பட்ட பாட்டை உங்கள் பட்டியலிலேயே பார்த்தோம். முதலில் நெஸ்டமோல்ட் போனது, பிறகு பிஸ்கற், பிறகு வாசனைச் சவர்க்காரம். பால்மாவையும் மருந்துக் காசையும் மட்டும் ஒருவரும் வெட்டவில்லை.

இந்த இடத்தில் எங்கள் சங்கடத்தையும் சொல்லிவிடுகிறோம், கோபிக்க வேண்டாம். மகன் அங்கேயிருந்து எடுத்து, "அண்ணை, இந்த மாசம் கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ, அம்மாவுக்குச் சாமான் வரேல்லை எண்டு சொல்லுங்கோ" என்பார். அதே கிழமை அம்மா உடையார்கட்டிலிருந்து பஸ்ஸேறி வந்து, "தம்பி, வயல் நெல்லுக் குத்தின அரிசி வீட்டில கிடக்கு. அரிசியை வெட்டிப்போட்டு மிச்சக் காசை அவனுக்கே அனுப்ப ஏலாதோ? ரெண்டு வேலை செய்யிறானாம். நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேங்கோ" என்பார். இரண்டு பேருக்கும் ஓம் என்று தலையாட்டிவிட்டு, கொப்பியில் என்ன எழுதுவதென்று தெரியாமல் நிற்பது நாங்கள். ஒரு யோசனை மட்டும் சொல்கிறோம்: வீட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்டுவிட்டுப் பட்டியலைப் போடுங்கள். தென்னை நிற்கிற வீட்டுக்குத் தேங்காய் போகிறது, வயல்காரருக்கு அரிசி போகிறது. சில குடும்பங்களில் அண்ணன் ஒரு மாதம், தங்கச்சி அடுத்த மாதம் என்று பிரித்துக்கொண்டார்கள். பெட்டியும் குறையவில்லை, ஒருவர் தலையிலும் பாரம் விழவில்லை.

சரி, இனி மாற்றத்துக்கு வருவோம். பெட்டிகளை ஓட்டோவில் கொண்டுபோய் வீடு வீடாக இறக்கிய தம்பியை உங்கள் அம்மாமார் எல்லோருக்கும் தெரியும். பெட்டியை இறக்கிவிட்டு, காஸ் சிலிண்டரையும் மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வருவார். அவர் கட்டாருக்குப் போய்விட்டார். போகாதே என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அவர் கேட்டிருக்கக்கூடிய சம்பளத்தை எங்களால் கொடுத்திருக்கவும் முடியாது. இப்போது வாடகை ஓட்டோதான். ஆகவே ஆவணியிலிருந்து புதுக்குடியிருப்புக்குள் வழமைபோல் இலவசம். உடையார்கட்டு, விசுவமடு, முள்ளியவளைப் பக்கம் ஒரு பெட்டிக்கு 300 ரூபாய், ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கம் 500 ரூபாய். மாதத்தில் இரண்டு தடவை, 5ஆம் திகதியும் 20ஆம் திகதியும் வண்டி போகும். சிட்டை, பெட்டி ஏற்றுகிற நாளின் பலகை விலைப்படி இருக்கும். அவசரமாக மருந்து வேண்டுமென்றால் திகதி பார்க்க மாட்டோம், எடுங்கள்.

2022 பொருளாதார நெருக்கடியை நாங்கள் மறக்கவில்லை. ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் பெற்றோல் என்று பங்கீட்டுக் கியூஆர் அட்டை வந்த நேரம், பெட்டிகள் பத்துப் பன்னிரண்டு நாள் பிந்திப் போயின. சிலதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனோம். ஒருவர்கூடக் கணக்கை மூடவில்லை. "இருக்கிறதைக் கொடுங்கோ அண்ணை, பிறகு பார்ப்பம்" என்று முற்காசு கட்டி வைத்தவர்கள் நீங்கள். அந்த முற்காசில்தான் அன்று மூட்டை எடுத்தோம், இல்லையென்றால் கடையைப் பூட்டியிருப்போம். அந்த நன்றி எங்களுக்கு எப்போதும் இருக்கும், குரல்பதிவு போட்டவருக்கும் சேர்த்து. அவருடைய அம்மாவின் பெட்டி இந்த மாதமும் முதல் வண்டியில்தான் போகிறது.

ஆவணிக்கு வேண்டிய சாமான் பட்டியலை 28ஆம் திகதிக்கு முன் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப் இலக்கம் பழையதுதான். இரவு எட்டு மணிக்குப் பிறகு, எங்கள் நேரப்படி, எடுத்தால் ஆறுதலாகக் கதைக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்,
புதுக்குடியிருப்பு.