பொதுச் சேவை நிறுவனங்களின் இணையத் தொலைபேசிகளில் அழைப்பு வரம்பைக் கட்டாயமாக்கக் கோரும் மனு

அனுப்புநர்
பொது மருத்துவமனை ஒன்றின் தொலைபேசிப் பிரிவில் பணிபுரியும் தொழில்நுட்ப உதவியாளர்

பெறுநர்
உயர்திரு செயலர் அவர்கள்,
தகவல் தொடர்புத் துறை

பொருள்: பொதுச் சேவை நிறுவனங்கள் வாங்கும் இணையத் தொலைபேசி அமைப்புகளில் அழைப்பு வரம்பு, மாற்றுவழி, அவசர ஒதுக்கீடு ஆகியவற்றை ஒப்பந்த நிபந்தனைகளாகச் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தொலைபேசிப் பிரிவில் 19 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பழைய எக்ஸ்சேஞ்சின் செம்புக் கம்பிகளையும் கையாண்டிருக்கிறேன். அவற்றைக் கழற்றிவிட்டு இணையத் தொலைபேசியை நிறுவிய குழுவிலும் இருந்தேன். புதியதை எதிர்த்து எழுதப்பட்ட மனு அல்ல இது. அதை வாங்கும்போது ஒப்பந்தத்தில் விட்டுப்போன சில வரிகளைச் சேர்க்கச் சொல்லும் மனு.

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு, பெரிய விபத்து ஒன்றில் காயமடைந்தவர்களை எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். உறவினர்களின் அழைப்புகள் விசாரணை மேசையில் குவிந்தன. விசாரணை மேசை ஒரு கட்டடத்தில். வெளி இணைப்புகள் வந்து சேருவது இன்னொரு கட்டடத்தில். இரண்டுக்கும் நடுவே 2 மெகாபிட் இணைப்பு ஒன்றுதான். திரையில் நடப்பு அழைப்புகளின் எண்ணிக்கை 22, 23, 24 என்று ஏறி 26-இல் நின்றது. அதே நேரத்தில் அதே இணைப்பில் ஸ்கேன் படங்களும் போய்க்கொண்டிருந்தன. 26 பேரின் குரலும் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. ஒரு பெண் தன் தம்பியின் பெயரை நான்கு முறை சொன்னார். எங்கள் ஊழியரின் காதில் விழுந்தது முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டுமே. அவர் தாளில் 'மு' என்று எழுதி, இடம் விட்டு, 'ன்' என்று எழுதி வைத்திருந்தார். அப்படித் தொடங்கி அப்படி முடியும் பெயர்கள் அன்றைய சேர்க்கைப் பதிவேட்டில் மூன்று இருந்தன. ஒன்றரை மணி நேரம் கழித்து அந்தப் பெண் நேரில் வந்துதான் தம்பியைக் கண்டுபிடித்தார். தம்பி நலமாகவே இருந்தார்.

மறுநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குரலை எண்களாக மாற்றும் ஜி.711 முறையில் ஒரு குரலுக்கு விநாடிக்கு 64 கிலோபிட் போதும் என்றுதான் விற்பனையாளர்கள் சொல்வார்கள். பொய்யில்லை, ஆனால் பாதி உண்மை. குரல் 20 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, விநாடிக்கு 50 பாக்கெட்டுகளாகப் போகிறது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் குரல் 160 பைட். அதன்மேல், பாக்கெட் எங்கே, எந்த வரிசையில் போக வேண்டும் என்று சொல்லும் ஐபி, யுடிபி, ஆர்டிபி நெறிமுறைகளின் தலைப்புகள் 40 பைட். ஈதர்நெட் உறை இன்னும் 18 பைட். மொத்தம் 218 பைட். ஆக ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் 87.2 கிலோபிட். 2.048 மெகாபிட் இணைப்பில், வேறு எதுவும் போகாத நிலையில்கூட, 23 அழைப்புகளுக்கு மேல் இடமில்லை. இதே 2.048 மெகாபிட்டில் பழைய எக்ஸ்சேஞ்சின் டிஜிட்டல் டிரங்க் இணைப்பு 30 பேரைப் பேச வைத்தது. அது மட்டுமா? 31-ஆவது ஆளுக்கு 'எங்கேஜ்டு' ஒலியைக் கொடுத்து, பேசிக்கொண்டிருக்கும் 30 பேரையும் காப்பாற்றியது.

இணையத் தொலைபேசிக்கு இந்தக் குணம் தானாக வருவதில்லை. 24-ஆவது அழைப்பை அது மறுக்காது. உள்ளே விட்டுவிட்டு, நெரிசலில் சிக்கும் பாக்கெட்டுகளை யாருடையவை என்று பாராமல் கீழே போடும். வந்தவருக்கும் பேச்சு இல்லை, இருந்தவர்களுக்கும் இல்லை. எண்ணிப் பார்த்து உள்ளே விடும் ஏற்பாட்டுக்கு 'அழைப்பு அனுமதிக் கட்டுப்பாடு' என்று பெயர். இது ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. 1996-இல் வந்த, இணைய அழைப்புகளுக்கான எச்.323 முறையிலேயே 'கேட்கீப்பர்' என்ற வாயிற்காவலர் உண்டு. இணைப்பில் இடம் இல்லையென்றால் அவர் அழைப்பை மறுத்துவிடலாம். வழித்தடத்தில் முன்கூட்டியே இடம் பிடித்து வைக்கும் ஆர்எஸ்விபி நெறிமுறை 1997-இல் வெளியானது. அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் இன்று பரவலாகப் பயன்படும் எஸ்ஐபி முறையிலும், இடம் உறுதியான பிறகே எதிர்முனையில் மணி அடிக்கச் செய்யும் வழி 2002 முதல் இருக்கிறது. எங்கள் கருவியிலும் இந்த வசதி இருந்தது. யாரும் அதை இயக்கிவைக்கவில்லை. ஒப்பந்தத்தில் கேட்கவில்லை, அதனால் செய்யவில்லை என்பதே எங்களுக்குக் கிடைத்த பதில்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு சமாதானம் வரும்: "குரலுக்கு முன்னுரிமை கொடுத்துவிட்டால் போதும்." குரல் பாக்கெட்டுகளுக்கு 46 என்ற முன்னுரிமைக் குறியீட்டை இட்டால் ஸ்கேன் படங்கள் ஒதுங்கி வழிவிடும், உண்மைதான். அதை அவசியம் செய்ய வேண்டும். ஆனால் எல்லாப் பாக்கெட்டிலும் அதே முத்திரை இருந்தால், முன்னுரிமை வரிசைக்குள்ளேயே நெரிசல் வரும். 23 பேருக்கான வரிசையில் 26 பேர் நின்றால், முத்திரை யாருக்கு உதவும்? முன்னுரிமையும் வேண்டும், வரம்பும் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

ஆகவே என் முதல் கோரிக்கை: ஒவ்வோர் இணைப்பிலும் ஒரே நேரத்தில் எத்தனை அழைப்புகள் செல்லலாம் என்பதைக் கணக்குடன் எழுத்தில் தந்து, அந்த வரம்பைக் கருவியில் அமைத்துத் தருவது நிறுவுபவரின் கடமை என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வரம்பைத் தாண்டும் அழைப்பு வேறு இணைப்புக்குப் போகட்டும், அல்லது ஜி.729 போன்ற சிக்கன முறைக்கு மாறட்டும். ஜி.729-இல் ஓர் அழைப்புக்கு 31.2 கிலோபிட்தான் ஆகும். ஆனால் அதில் ஃபேக்ஸ் போகாது, பொத்தான் ஒலிகளும் சிதையும் என்பதை மறக்கக் கூடாது. எதற்கும் வழியில்லை என்றால் 'எங்கேஜ்டு' ஒலி வரட்டும். அதைக் கேட்டவர் மறுபடி முயல்வார். 23 இடங்களில் 3 இடங்களை அவசர அழைப்புகளுக்கென்றே, எந்த நெரிசலிலும் தொடாமல் ஒதுக்கி வைக்க வேண்டும்.

வரம்பைத் தாண்டும் அழைப்பை வேறு வழியில் அனுப்புவதென்றால் வழிப்படுத்தல் ஒழுங்காக இருக்க வேண்டும். அதில் எங்கள் அனுபவம் கசப்பானது. முதல் வழி செத்துப்போனால் இரண்டாவது வழி தானே எடுத்துக்கொள்ளும் என்று பயிற்சியில் சொன்னார்கள். எடுத்துக்கொண்டது, 32 விநாடி கழித்து. எஸ்ஐபி நெறிமுறை யுடிபி வழியாக இயங்கும்போது, பதில் வராத அழைப்புக் கோரிக்கையை அரை விநாடியில் தொடங்கி இடைவெளியை இரட்டித்துக்கொண்டே திரும்பத் திரும்ப அனுப்பும். மொத்தம் ஏழு முறை அனுப்பி, 32 விநாடி முடிந்த பிறகே கைவிடும். அதுவரை காதில் ஓர் ஒலியும் இல்லை. அவசரத்தில் இருப்பவர் பத்தாவது விநாடியிலேயே வைத்துவிட்டு மறுபடி அழைப்பார். மறுபடியும் முதலிலிருந்து அதே 32. ஒவ்வொரு வழியும் உயிரோடு இருக்கிறதா என்று கருவி சிறு இடைவெளிகளில் தானே விசாரித்து, செத்த வழியை முன்பே ஒதுக்கி வைக்க முடியும். அதையும் நிபந்தனையாக்க வேண்டுகிறேன். எந்த மறுப்புக்கு எப்படி நடந்துகொள்வது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும்: '503, சேவை இல்லை' என்று வந்தால் அடுத்த வழிக்குப் போக வேண்டும்; '486, எதிர்முனை பேசிக்கொண்டிருக்கிறது' என்று வந்தால் நிறுத்திவிட வேண்டும். எங்கள் அமைப்பு இரண்டையும் ஒன்றாகவே நடத்திக்கொண்டிருந்தது. பேசிக்கொண்டிருக்கும் ஒருவரை எல்லா வழிகளிலும் போய் வரிசையாகத் தட்டியது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு கட்டடங்களின் அமைப்புகளிலும், தெரியாத எண் வந்தால் மற்றதிடம் தள்ளிவிடும்படி எழுதிவைத்திருந்தார்கள். யாரோ ஓர் எண்ணைத் தவறாக அழுத்த, அந்த ஒரே அழைப்பு இரண்டுக்கும் நடுவே பந்தாகப் போய் வந்தது. எஸ்ஐபியில் 70 தாவல் என்ற வழக்கமான உச்சவரம்பு இருந்ததால்தான் அது நின்றது. நெறிமுறையை எழுதியவர்கள் எங்கள் கட்டடங்களை முன்பே பார்த்திருப்பார்களோ என்று நினைத்துக்கொண்டேன். எண் திட்டத்தை ஒருவர் பொறுப்பில் எழுதி, இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட்டால் இது நடக்காது.

இணைப்பின் அளவை முடிவு செய்யும் முறையும் மாற வேண்டும். டெண்டரில் "60 தொலைபேசிகள்" என்று மட்டும் எழுதுகிறோம். 60 பேரும் ஒரே நேரத்தில் பேசுவதில்லை. எத்தனை பேர் பேசுவார்கள் என்பதே கேள்வி. டென்மார்க்கின் எர்லாங், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் இருந்துகொண்டு, இதற்கான சூத்திரத்தை 1917-லேயே வெளியிட்டுவிட்டார். உச்ச நேரத்தில் மணிக்கு 200 அழைப்புகள், சராசரி 3 நிமிடம் என்றால் 600 நிமிடப் பேச்சு; 60 நிமிடத்தால் வகுத்தால் 10 எர்லாங், அதாவது சராசரியாக ஒரே நேரத்தில் 10 பேச்சுகள். நூற்றுக்கு ஓர் அழைப்பு மட்டும் இடமின்றித் திரும்பலாம் என்று ஒப்புக்கொண்டால் 18 தடங்கள் வேண்டும். ஒரு பக்கத்தில் முடிகிற கணக்கு. இதை டெண்டருடன் இணைப்பது கட்டாயமாகட்டும்.

மின்சாரம் போய் வந்தவுடன் எல்லாத் தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் பதிவுக்கு முண்டியடித்துச் சர்வரை முடக்குவதும், தொலைபேசியை வேறு கட்டடத்துக்கு மாற்றிய பிறகும் அவசர அழைப்பு பழைய முகவரிக்கான மையத்துக்கே போவதும் தங்கள் துறை அறிந்த பிரச்சினைகள்தாம். அவற்றையும் நிபந்தனைப் பட்டியலில் சேர்க்க வேண்டுகிறேன்.

இனி, இந்த மனுவை எழுத வைத்த காரணம். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு வரம்பை இயக்க எங்கள் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டேன். மறுத்துவிட்டார்கள். மாத அறிக்கையில் 'எங்கேஜ்டு' ஒலி கேட்ட அழைப்பு தோல்விக் கணக்கில் வருகிறது. இணைந்த அழைப்பு, ஒரு சொல்கூடப் புரியாவிட்டாலும், வெற்றிக் கணக்கில் வருகிறது. அந்த இரவின் 26 அழைப்புகளும் அறிக்கையில் வெற்றிகள். வரம்பை இயக்கினால் தோல்வி எண்ணிக்கை கூடும், மேலிடத்தில் கேள்வி வரும் என்பது அவர்கள் பயம். அறிக்கையின் படிவத்தை வகுத்தது தங்கள் துறை. எனவே தோல்வி எண்ணிக்கையோடு, தொலைந்த பாக்கெட்டுகளின் விழுக்காடு, தாமதம், தாமதத்தின் ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றையும் அந்தப் படிவத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் முக்கியமான கோரிக்கை. ஆர்டிபியின் துணை நெறிமுறையான ஆர்டிசிபி இவற்றுக்கான விவரங்களைப் பேச்சு நடக்கும்போதே அனுப்பிக்கொண்டிருக்கிறது. சேகரித்து வைத்தால் போதும். ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. அதையே அளவுகோலாக வைக்கலாம்.

புதிய அமைப்பை ஏற்கும் நாளில் ஒரு சோதனையையும் கட்டாயமாக்குங்கள். 23 அழைப்புகளை இணைத்து வைத்துவிட்டு, 24-ஆவதை அதிகாரி ஒருவர் தம் கையால் அழைக்கட்டும். மற்ற 23-இல் ஏதாவது ஒன்றை இன்னொருவர் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கட்டும். பிறகு முதல் வழியின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, அடுத்த அழைப்பு எத்தனை விநாடியில் மணி அடிக்கிறது என்று பார்க்கட்டும். அரை நாள் வேலை. தாங்கள் ஆணையிட்டால் எங்கள் மருத்துவமனையிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இதை நடத்திக் காட்டத் தயாராக இருக்கிறேன். அந்த இரவின் அழைப்புப் பதிவை, அழைத்தவர்களின் எண்களை மறைத்து, இணைப்பின் வரைபடத்துடன் இத்துடன் வைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: அழைப்புப் பதிவு நகல், இணைப்பு வரைபடம், பேண்ட்வித் கணக்குத் தாள்.